பத்துப் பருவத்தில் விடுபட்ட குளியல்

பிள்ளைத்தமிழ் என்றதும் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பால் என்றால் கடைசி மூன்று மாறும். தேர்வுக்கு இது போதும். ஆனால் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், புள்ளையக் குளிப்பாட்டுறது எந்தப் பருவத்துல வருது?"

எதிலும் வராது. பெண்பாலில் வரும் நீராடல்கூட வளர்ந்த பெண் புனலாடுவதுதான்; தாய் எண்ணெய் தேய்த்துவிடும் குளியல் அல்ல.

இது சின்ன விடுபடல் இல்லை. 9ஆம் நூற்றாண்டளவில் பாடிய பெரியாழ்வாரிடம் இதெல்லாம் இருக்கிறது. யசோதையின் குரலில் அவர் கண்ணனைப் பால் குடிக்கக் கூப்பிடுகிறார், காது குத்தக் கூப்பிடுகிறார், குளிக்கக் கெஞ்சுகிறார், தலை வார வரும்படி காக்கையை அழைக்கிறார். தாலும் செங்கீரையும் சப்பாணியும் அம்புலியும் அவரிடமே உண்டு. அவருக்குத் தாலாட்டும் குளியலும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். பிறகு 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடுகிறார். பாட்டியல் நூல்கள் பருவங்களை வரையறுக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் தருகிறார். அரசனும் தெய்வமும் பாட்டுடைத் தலைவரானதும் அழுக்கும் எண்ணெயும் சிக்குத் தலையும் வெளியே போய்விட்டன. குமரகுருபரரின் சந்தத்துக்கு ஈடு கிடையாதுதான். ஆனாலும் ஒரு குழந்தையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் நான் பெரியாழ்வாரிடம்தான் போவேன்.

பத்துப் பருவத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. காப்பில் குழந்தை எதுவும் செய்வதில்லை, தெய்வங்கள் காக்கின்றன. சப்பாணியில் கை கொட்டச் சொல்கிறோம், முத்தத்தில் கேட்டு வாங்குகிறோம், வருகையில் நடந்து வரச் சொல்கிறோம். சிற்றிலில், "எங்கள் மணல் வீட்டை அழிக்காதே" என்று சிறுமியர் அவனிடம் கேட்கிறார்கள். பேணப்பட்ட பிள்ளை இன்னொருவர் பொருளைப் பேண வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் நெல் நாடிங்ஸ் 1984இல் எழுதிய நூலில், பேணப்படுபவரின் மறுமொழி கிடைத்தால்தான் பேணல் முழுமையாகும் என்று வாதிட்டார். சப்பாணியில் கொட்டும் கை அந்த மறுமொழிதான்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அம்மாக்கள் விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஏழு வயதுக்கு முன்னால் கல்வி என்று ஒன்று கணக்கிலேயே இல்லை. கொட்டகை பால்மரம் சீவும் கைக்காக வைத்தது, பிள்ளைக்காக வைத்தது அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழில் பாட்டு இருந்தது, உடம்பு இல்லை. கொட்டகையில் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தான் கூலி. ஆயா பாடிய தாலாட்டை யாரும் கற்பித்தல் என்று எழுதி வைக்கவில்லை.

இன்றும் அந்தக் கோடு அழியவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு வயதுக்குட்பட்டவர்களின் பராமரிப்பு மையங்கள் சமூக நலத்துறையின் கீழ். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. நான்காவது பிறந்தநாளில் பிள்ளை 'பராமரிப்பி'லிருந்து 'கல்வி'க்கு இடம் மாறுகிறது! நியூசிலாந்து 1986லேயே குழந்தைப் பராமரிப்பைச் சமூக நலத்துறையிடமிருந்து கல்வித் துறைக்கு மாற்றிவிட்டது.

கோடு வகுப்பறைக்குள்ளும் ஓடுகிறது. எழுத்து ஆசிரியருக்கு, மூக்குச் சளி உதவியாளருக்கு. கை கழுவிவிடும்போது "எத்தனை விரல்? எந்த விரல்ல அழுக்கு?" என்று உதவியாளர் கேட்கிறாரே, அது மொழிப்பாடம் இல்லையா? பயிற்சித்தாள் கோப்பில் சேரும், அம்மா அப்பாவிடம் காட்டலாம். கழுவிய கையை எந்தக் கோப்பில் வைப்பது? இடைநிலைப்பள்ளியில் இருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். படிவம் ஒன்றில், கேள்வி கேட்டாலே தலை குனிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு எழுத்து தெரியும். பெரியவர் ஒருவர் கேட்டால் பதில் சொல்லலாம் என்ற தைரியம்தான் இல்லை.

பருவங்களை நடத்தும்போது இப்படி ஒரு கேள்வி கொடுத்துப் பாருங்கள்: "பெரியாழ்வார் பாடிய குளியலையும் தலைவாரலையும் பத்துப் பருவங்கள் ஏன் விட்டுவிட்டன? விட்டதால் இழந்தது என்ன?" என் மாணவி தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தாள். பாட்டி கொட்டகையில் ஆயாவாக இருந்தவராம். எண்ணெய் தேய்க்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாட்டு வைத்திருந்தாராம். அந்த விடைக்கு முழுப்புள்ளி போட்டேன்.