பெருநிழலும் சிறுவிளக்கும்

1965-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புது தில்லியில் நடைபெற்ற உலகத் திரைப்பட விழாவே, நம் நாட்டு விழாக்களுள் போட்டி முறையில் பரிசு வழங்கிய முதல் விழாவாகும். அதன் நடுவர் குழுவுக்குச் சத்யஜித் ரே தலைமை தாங்கினார். பெருநாடுகளின் படங்கள் பல வந்து குவிந்த அவ்விழாவில் தங்க மயில் பரிசைப் பெற்றது, ஒரு சிறு தீவிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'கம்பெரலிய' என்ற சிங்களப் படமே அது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழராகிய நாம், நம் மொழிப் படங்களைப் பற்றி ஓயாது பேசுகிறோம். வங்கப் படங்களைப் பற்றியும் ஓரளவு அறிவோம். பிரெஞ்சு, இத்தாலியப் படங்களைப் பற்றி எழுதும் அன்பர்களும் நம்மிடையே உளர். ஆனால் தனுஷ்கோடிக் கரையிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் தொடங்கும் ஒரு நாட்டில், சிலர் கையில் பொருளின்றியும் பின்னால் நிறுவனமின்றியும் ஒரு திரைக்கலையை உருவாக்கினர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கத் தயங்குவதற்கு ஒரு காரணமும் உண்டு. அவர்கள் எதிலிருந்து விடுபட விரும்பினார்களோ, அதில் நமக்கும் பங்கு இருந்தது.

சிங்களத்தின் முதற் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ' 1947-ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில் திரையிடப்பெற்றது. அது எடுக்கப்பட்ட இடம் மதுரையிலிருந்த சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோ. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. மேடையில் வெற்றி கண்ட ஒரு நாடகம் கடல் தாண்டி வந்து, படச்சுருளாகித் திரும்பிச் சென்றது. அடுத்து வந்த பல படங்களுக்கும் இதுவே வழியாயிற்று. நடிகர் மட்டுமே சிங்களர். ஒளியமைப்பும் அரங்க அமைப்பும் இசையமைப்பும் மதுரை, கோவை, சென்னை ஸ்டூடியோக்களின் கைவரிசை. நாயகம் பின்னர்க் கந்தானையில் ஸ்டூடியோ அமைத்தபோது இடம் மாறியதேயன்றி முறை மாறவில்லை. தமிழ்ப் படத்தின் கதைப்போக்கும் இந்திப் பாட்டின் மெட்டும் சிங்களச் சொற்களைப் போர்த்துக்கொண்டு உலவின.

இதைப் பழிச்சொல்லாகக் கூறவில்லை. நாயகம் போன்றோர் முதலிடவில்லையெனில் அத்தீவில் திரைப்படம் தோன்றுவதே இன்னும் காலங்கடந்திருக்கும். ஆனால் கடன் வாங்கிய கண்ணால் ஒரு சமுதாயம் தன் முகத்தைப் பார்க்க இயலாது. பெரிய தொழிலொன்றின் அண்டையில் வாழும் சிறிய தொழிலுக்கு வறுமையினும் பெரிய இடர் இதுவே. பெருமரத்தின் கீழே முளைத்த செடிக்கு மண்ணில் நீர் இல்லாமற் போவதில்லை, வெயில்தான் கிட்டுவதில்லை.

அந்த நிழலை விட்டு முதலில் வெளியே வந்தவர் பீரிஸ். அரசாங்கத் திரைப்படப் பிரிவில் செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த அவர், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வா ஆகியோருடன் அரசுப் பணியைத் துறந்து 'ரேகாவ' என்ற படத்தை எடுத்தார். 1956-ஆம் ஆண்டின் இறுதி நாள்களில் அது கொழும்பில் வெளியாயிற்று. 1957-இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. ரேயின் 'பதேர் பாஞ்சாலி' அதற்கு முந்திய ஆண்டான 1955-இல் வெளிவந்தது என்பது நினைவுகூரத்தக்கது. அங்கு மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. இங்கு அரசு வேலையை விட்டவர்கள் தம் துணிவையே முதலாக இட்டனர்.

கதை எளியது. ஊருக்கு வந்த கழைக்கூத்தன் ஒருவன் ஒரு சிறுவனின் கைரேகையைப் பார்த்து, நோய் தீர்க்கும் வல்லமை அவனுக்கு வரும் என்கிறான். பார்வையிழந்த சிறுமியொருத்திக்கு அவன் கை பட்டதும் பார்வை திரும்புகிறது. ஊர் அவனைத் தெய்வமாக்குகிறது. தந்தை அவனைக் கொண்டு பொருளீட்டப் பார்க்கிறார். பின்னர் ஒரு குழந்தை இறக்கவும், மழை பொய்க்கவும், அதே ஊர் அவனைப் பழிக்கிறது. இதிலே வில்லன் என்று சுட்ட ஒருவரும் இலர். ஊரின் நம்பிக்கையே வரமாகவும் சாபமாகவும் மாறுகிறது. 'ரேகாவ' குறையற்ற படைப்பு அன்று. கதையின் பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று முண்டுகின்றன. சிறுவர்களிடம் கண்ட இயல்பு பெரியவர்களின் நடிப்பில் எல்லா இடத்தும் இல்லை. ஆயினும் சிங்களத் திரையில் முதன்முறையாக வெயில் வெயிலாகவும், வயல் வயலாகவும், மனிதரின் பேச்சு வீட்டில் பேசும் பேச்சாகவும் இருந்தன. ஸ்டூடியோவின் சுவர்களை விட்டு வெளியேறியதுதான் அப்படத்தின் புரட்சி.

மக்கள் அதைப் புறக்கணித்தனர். வசூலில் படம் தோற்றது. இதற்கு மக்களை மட்டும் குறை கூறல் நேரிதன்று. ஏறத்தாழப் பத்தாண்டுகளாக ஒரே சுவையை ஊட்டி வளர்த்த நாவுக்கு, உப்புக் குறைந்த உணவு உடனே பிடிப்பதில்லை. பீரிஸ் அடுத்த படத்துக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. 1960-இல் வெளியான அந்த 'சந்தேசய'வைத் தயாரித்தவர் கே. குணரத்தினம் என்ற தமிழரே. போர்ச்சுகீசியர் காலத்துக் கிளர்ச்சியைக் கூறும் அப்படம் நன்றாக ஓடியது. தனித்து நிற்பவனுக்கும் தொழிலின் தயவு தேவைப்படும் தருணங்கள் உண்டென்பதற்கு இது சான்று.

'கம்பெரலிய'வில்தான் அவரது கலை முதிர்ந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944-ஆம் ஆண்டு நாவலுக்கு ரெஜி சிறிவர்தன திரைவடிவம் தந்தார். தென்னிலங்கைச் சிற்றூரொன்றின் பழம்பெருங்குடி மெல்லச் சரிகிறது. அவ்வீட்டுப் பெண் நந்தா, தனக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பியலை விரும்புகிறாள். அவன் குலம் தாழ்ந்ததென வீட்டார் மறுக்கின்றனர். குலம் ஒத்த ஜினதாசவுக்கு அவளை மணம் முடிக்கின்றனர். அவன் செல்வமிழந்து வெளியூர் சென்று மடிகிறான். நகரில் வணிகனாகப் பொருளீட்டிய பியலை அவள் பின்னர் மணக்கிறாள். நம் படங்களாயின் இதற்குள் எத்தனை கண்ணீர்க் காட்சிகளைப் பொருத்தியிருக்கும்! பீரிஸ் ஒன்றையும் உரத்துக் கூறவில்லை. வீடுதான் பேசுகிறது. முற்பகுதியில் ஆள் நிறைந்திருந்த கூடம் பிற்பகுதியில் வெறிச்சோடிக் கிடக்கையில், ஒரு வகுப்பின் வீழ்ச்சியை உரையாடல் இன்றியே உணர்கிறோம். நந்தாவின் மௌனத்தில் காதலும் குலப்பெருமையும் ஒன்றையொன்று வெல்ல முடியாமல் நிற்கின்றன. அந்த மௌனத்தைக் காட்டுவதற்கு இயக்குநர் எந்தச் சந்தையின் விதிக்கும் கட்டுப்படாதவராயிருக்க வேண்டும். சுயேச்சை என்று நாம் கூறுவது இதனையே. பணம் யாருடையது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஆயினும் பீரிஸின் அமைதிக்கும் ஓர் எல்லை இருந்தது. நாட்டின் அரசியல் கொந்தளிப்பு அவர் படங்களின் வாசலில் வந்து நின்றதேயன்றி, உள்ளே அரிதாகவே நுழைந்தது. 1971-ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சிக்குப் பின் வந்த தலைமுறை அவ்வமைதியை ஏற்கவில்லை. அதன் முன்னணியில் நின்றவர் தர்மசேன பத்திராஜ. 1974-இல் வந்த அவரது 'அஹஸ் கவ்வ' வேலையற்ற நகரத்து இளைஞரைப் பின்தொடர்ந்தது. 1978-இல் வந்த 'பம்பரு அவித்' மீனவக் குப்பமொன்றுக்குள் நகரத்தார் புகுவதால் விளையும் சிதைவைக் காட்டியது.

இங்கேதான் நாம் தலைகுனிய வேண்டிய ஓர் இடம் வருகிறது. பத்திராஜ யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆசிரியராயிருந்தவர். அம்மண்ணையும் அதன் மக்களையும் அறிந்து, சிங்களரான அவர் 1977-இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்களின் வாழ்வை எங்ஙனம் நெரிக்கின்றன என்பதே அதன் பொருள். அவ்வூர்ப் பேச்சும் அவ்வூர்த் தெருவும் அதில் இருந்தன. ஆனால் ஓடவில்லை. சென்னைப் படங்களின் வேகத்திலும் வண்ணத்திலும் பழகிய கொட்டகைகளில், அம்மக்களின் சொந்த முகமே அவர்களுக்கு அயலாகத் தோன்றியது. 'குத்துவிளக்கு' (1972), 'வாடைக்காற்று' (1978) முதலிய ஈழத்துத் தமிழ்ப் படங்களும் இப்பெருநிழலிலேயே மூச்சுவாங்கின. சிங்களத் திரைக்கலைக்கு அதன் மொழியேனும் ஒரு வேலியாயிற்று. ஒரே மொழி பேசிய ஈழத்துத் தமிழ்த் திரைக்கு அவ்வேலியும் இல்லை. நம் மொழியின் பெருமை கூறும் நாம், அம்மொழியின் சிறுகிளையொன்று நம் நிழலிலேயே வாடியதைக் கண்டோமா?

அரசு தலையிட்டால் இந்நிலை மாறுமா? 1972-இல் தோன்றிய அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கதைக் குறிப்புகளைப் பார்த்துக் கடனுதவியும் செய்தது. பல புதியவர்கள் இதனாற் படம் எடுக்க வாய்ப்புப் பெற்றனர். ஆனால் காக்கும் கையே தடுக்கும் கையாகவும் கூடும். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' போரில் மாண்ட மகனின் மரணத்தை ஏற்க மறுக்கும் கண்ணிழந்த தந்தையின் கதை. முத்திரையிட்டு வந்த சவப்பெட்டியை அம்முதியவர் தோண்டித் திறக்கையில் உள்ளே உடல் இல்லை. கல்லும் வாழைத்தண்டும் கிடக்கின்றன. 2000-இல் அரசு அப்படத்தின் திரையீட்டை நிறுத்திவைத்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது மக்களிடம் சென்றது.

அப்படத்துக்குப் பொருளுதவி செய்தது சப்பானிய ஒளிபரப்பு நிறுவனம். 2005-இல் கான் விழாவில் முதற்படத்துக்கான தங்கக் காமிரா விருதைப் பகிர்ந்துகொண்ட விமுக்தி ஜயசுந்தரவின் படமும் பிரெஞ்சுத் துணையோடு உருவானதே. அயல்நாட்டு உதவி இல்லையேல் இவை தோன்றியிரா என்பது உண்மை. ஆனால் இங்கும் நாம் ஐயுற வேண்டியதுண்டு. ஊர்க் கொட்டகையை மறந்து தொலைநாட்டு நடுவரையே நினைந்து எடுக்கும் படம், ஒரு நிழலிலிருந்து விலகி வேறொரு நிழலில் ஒதுங்குவதாகாதா? 'புரஹந்த களுவர' அவ்விதம் ஆகவில்லை. அந்த முதியவரின் பிடிவாதம் தன் ஊராரை நோக்கியதே. அளவுகோல் இதுதான்: படம் யாரை நோக்கிப் பேசுகிறது?

எடுத்த படம் நிலைக்க வேண்டும் என்பதும் ஒரு கவலை. 1983 ஜூலை வன்செயலில், குணரத்தினத்துக்கு உரிய ஹேந்தலை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. பல சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அதனுள் எரிந்து போயின. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அந்நாள்களிற் கொல்லப்பட்டார். தமிழரைச் சுடப் புகுந்த தீ சிங்களரின் நினைவையும் சுட்டது. பீரிஸின் 'நிதானய', 1997-இல் சிங்களத் திரையின் முதல் ஐம்பதாண்டுகளின் தலைசிறந்த படமெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் மூலச்சுருள் தொலைந்துபோக, எஞ்சிய பிரதியைக் கொண்டு 2013-இல் இத்தாலியின் பொலோனா நகரில் அதனைப் புதுப்பித்தனர். பெரிய தொழில் தன் படங்களிற் சிலவற்றை இழந்தாலும் வரலாறு மிஞ்சும். சிறிய தொழிலுக்கு ஒரு சுருள் அழிவது ஓர் அதிகாரமே அழிவதாகும்.

பீரிஸ் 2018 ஏப்ரலில் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு சனவரியிற் பத்திராஜவும் மறைந்திருந்தார். அவர்கள் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தைத் தமிழிலேயே காட்டியது. சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' (2013) மலையகத் தமிழரின் வாழ்வைத் தேடிச் சென்றது. விதானகேயின் 'பாரடைஸ்' (2023) சென்னை நிறுவனமொன்றின் ஆதரவோடு வெளிவந்தது. அன்று மதுரையிலிருந்து அச்சு ஏற்றுமதியாயிற்று. இன்று சென்னையிலிருந்து துணை செல்கிறது. இம்மாற்றத்தை மனமார வரவேற்கிறோம்.

சென்னைத் திரைத்தொழில் செய்ய வேண்டுவது இன்னும் உளது. நாம் செய்யக்கூடியது அதனினும் எளியது. நம் சங்கங்கள் தோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்படங்களுள் ஒன்றைத் திரையிடலாம். 'பொன்மணி'யைக் காண மறுத்த கொட்டகைகளின் கடனை, காலந்தாழ்ந்தேனும் நம் அரங்குகள் தீர்க்கட்டும். பெருமரம் தன் கிளையொன்றைச் சற்றே விலக்கினால் போதும். வெயில் தானே வந்து விழும்.