கோட்டம் எடுத்த சக்கரம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கினால், பாறசாலைப் பக்கம் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட அதுவே நல்ல நேரம். என்னுடையது அம்பத்தூரில் பிறந்த ஹெர்குலிஸ். 28 அங்குலச் சக்கரங்கள். முன்னே 32, பின்னே 40 போக்ஸ் கம்பிகள். ஆளின் எடையும் கேரியர் சுமையும் பின்சக்கரத்தில்தான் அதிகம் இறங்கும். அதற்குத்தான் அந்த எட்டுக் கம்பிகள் கூடுதல்.

பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸில் பதிப்பது ஒரு சுகம். கோட்டம் எடுப்பது அதைவிடப் பெரிய சுகம். ரிம் ஒதுங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பியை, நிப்பிளைக் கால் சுற்றுத் திருகி இறுக்க வேண்டும். அவசரம் ஆகாது.

கேரியரும் டைனமோவும் புதிதாகப் பூட்டினேன். கறுப்பு நிறத்தை மட்டும் மாற்றவில்லை. 1956-இல் விழுந்த கேரள-தமிழக எல்லையைத் தாண்டிக் களியக்காவிளைக்கு மிதிக்கிறேன். சக்கரம் ஆடாமல் ஓடுகிறது.