ஏட்டில் உள்ள சொல்லும் ஏட்டில் இல்லாத மெட்டும்

பிறப்புச் சான்றிதழில் எம்மவரின் இனம் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதப்படுகிறது. அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் வழங்கும் 'மூர்' என்ற பெயர் போர்த்துக்கேயர் வழி வந்தது. ஸ்பெயினிலும் வட ஆபிரிக்காவிலும் தாம் கண்ட முஸ்லிம்களை அழைத்த பெயரையே இக்கரையில் கண்டவர்களுக்கும் அவர்கள் சூட்டினர். 'மூர்களின் செவ்வியல் இசை' என்று உலகம் போற்றும் அந்தலூசிய இசையில் எமக்கும் பங்குண்டு என இப்பெயரை வைத்துப் பெருமை கொள்வது எளிது. பெயர் ஒன்றானதால் மரபு ஒன்றாகிவிடாது. ஆயினும் அவ்விசை பிழைத்த விதத்தில் எமது இலக்கிய விமர்சனம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு.

அவ்விசையின் தலையாய வடிவம் நூபா. ஒரே பண்ணைத் தழுவிய பாடல்களும் வாத்திய இசையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நீண்ட கோவை அது. மொரோக்கோவில் ஒரு நூபாவுக்கு ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். மெதுவாகத் தொடங்கி வேகங்கொண்டு முடியும். முவஷ்ஷஹ், ஸஜல் என்னும் கவிதை வகைகளே பெரிதும் பாடப்படுவன. 822இல் குர்துபா சென்ற ஸிர்யாபே இதன் தந்தை என்பர். அவரைப் பற்றிய கதைகளிற் பல, பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ வழியாகப் பரவியவை. அவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

1492இல் கிரனடா வீழ்ந்தது. பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் ஒதுங்கிய வட ஆபிரிக்க ஊர்களில் இவ்விசை வேர்விட்டு நின்றது. அல்ஜீரியாவின் தில்ம்சான் நகரில் அதன் பெயரே 'கர்னாத்தீ', அதாவது கிரனடாவினது. பதினெட்டாம் நூற்றாண்டில் தித்வான் ஊரவரான அல்ஹாயிக் பாடல்களைத் தொகுத்தார். அத்தொகுப்பில் சொற்கள் உண்டு, பண்ணின் பெயரும் தாளத்தின் பெயரும் உண்டு, சுரம் இல்லை. மெட்டு ஆசானின் வாயிலிருந்து மாணாக்கனின் செவிக்கே சென்றது. துனீசியாவில் சூபி ஸாவியாக்கள் அதற்குப் பாடசாலைகளாயின.

எமது நிலைமையை இதனோடு வைத்துப் பார்ப்போம். கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, படைப்போர், முனாஜாத்து ஆகியவற்றைத் தமிழுக்குத் தந்தோம் என எமது ஆய்வுகள் சலிக்காமல் கூறுகின்றன. சீறாப்புராணத்தின் 5027 பாக்களை எண்ணிச் சொல்கின்றன. குணங்குடி மஸ்தான் சாகிபின் தத்துவத்தை விரித்துரைக்கின்றன. 1953இல் வெளிவந்த ம. மு. உவைஸின் ஆங்கில நூலும், பின்னர் அவர் அஜ்மல்கானுடன் இணைந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளும் இல்லாவிடின், எம்மிடம் இத்தனை ஏடுகள் இருந்தமையே பலருக்குத் தெரிந்திராது. அவ்வுழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவ்வழியில் வந்தோர் நூற்பெயர், ஆசிரியர், காலம், அணிநயம் என்பவற்றோடு நின்றுவிட்டனர். கீர்த்தனையின் மேல் அச்சிட்டுள்ள இராகமும் தாளமும் பக்க இலக்கம்போல் தாண்டிச் செல்லப்படுகின்றன. முனாஜாத்து இறைவனிடம் இரந்து பாடுவது. குரலை விலக்கிவிட்டு அதை மதிப்பிடுவது எங்ஙனம்?

முருங்கன் பக்கத்தில் வாழ்வோர்க்கு இது விளங்காத விடயமன்று. மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்துக்களில் வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்குகள் உண்டு. ஏடு கையில் இருந்தாலும் அண்ணாவியார் பாடிக் காட்டியே பழக்குவார். எந்தப் பாங்கு என்பதே ஒரு கூத்தைப் பற்றிய முதற் கேள்வி. எமது பைத்துக்கும் ரபான் பாடலுக்கும் பக்கீர்மாரின் பாட்டுக்கும் அத்தகைய கேள்வியை எமது விமர்சகர்கள் கேட்கக் காணோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். அவ்வகதி வாழ்வைப் பற்றிக் கவிதையும் சிறுகதையும் வந்துள்ளன. 2009இன் பின் மீளக் குடியேறியோர் காணிக்கு உறுதி தேடி அலைந்தனர். மெட்டுக்கு உறுதி எழுதுவார் இல்லை. வெளியேற்றத்தின்போது நாற்பது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அவர் செவியில் உள்ளது அவரோடு போகும்.

சுரப்படுத்தி எழுதினால் மாத்திரம் போதுமா? 1934இல் தூனிஸில் தோன்றிய ரஷீதிய்யா நிறுவனம் அந்நாட்டு மலூஃப் இசையைச் சுரப்படுத்தியது. மரபு காக்கப்பட்டது, பாடகருக்குப் பாடகர் வேறுபடும் நெகிழ்ச்சி குறைந்தது என்ற குறையும் எழுந்தது. ஆகவே ஒரே பாடலை இரண்டு மூன்று ஊர்க் குரல்களில் ஒலிப்பதிவு செய்வதே தக்கது. அதற்கு ஒரு கையடக்கத் தொலைபேசி போதும். இசை கூடுமா, கூடாதா என்ற வாதமும் இதற்குத் தடையன்று. ரபான் இன்றி ஓதப்படும் பைத்துக்கும் மெட்டு உண்டு.

இனிப் பாடல் நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் மூன்று வினாக்களுக்கு விடை தேடட்டும். எந்த மெட்டில் பாடப்பட்டது? எவர் பாட, எவர் கேட்டனர்? இன்று பாடத் தெரிந்தவர் எந்த ஊரில் உளர்? விடை கிடைக்காவிடின் 'மெட்டு தெரியவில்லை' என்றே எழுதட்டும். அதை வாசிக்கும் எவரோ ஒருவருக்கு அம்மெட்டுத் தெரிந்திருக்கவும் கூடும்.