முகாரிதான் அழுகிறதா?

"சும்மா முகாரி பாடாதை" எண்டு யாழ்ப்பாணத்தில் சொல்லுவினம். ஓயாமல் குறை சொல்லிப் புலம்புகிறவரை அடக்குகிற பேச்சு அது. சங்கீதத்தில் ஒரு சுரமும் அறியாதவருக்குக்கூட முகாரி என்றால் அழுகை என்பது தெரியும். ஆனால் தியாகராஜர் தமது 'எந்தனினே' கீர்த்தனையை இந்த முகாரியில்தான் அமைத்தார். இராமனைக் கண்ணாரக் கண்டு கனி கொடுத்து உபசரித்த சபரியின் பாக்கியத்தை வியப்பதே அப்பாடலின் பொருள். அதில் ஒப்பாரிக்கு இடமே இல்லை. முகாரியின் இயல்பே அழுகை என்றால், நிறைவும் வியப்பும் அதற்குள் எப்படி வந்து குடியேறின?

இக்கேள்வி வித்துவான்களோடு நின்றுவிடுவதில்லை. இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "கர்நாடக இராகத்தில் முனாஜாத்துப் பாடினால் கோயில் வாசம்தான் வரும், அரபு மகாமில் பாடினால்தான் ஈமானிய உணர்வு வரும்" என்பது ஒன்று. "பக்தியெல்லாம் எங்கட இராகத்தில்தான் இருக்கு, அரபு ஓசையில் தமிழ் ஒட்டாது" என்பது மற்றையது. இரு சாராரும் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றினாலும், உணர்வும் சமயமும் சுரவரிசைக்குள்ளேயே ஊறிக் கிடக்கின்றன என்ற நம்பிக்கை இருவருக்கும் பொது. இங்கே சோதிக்க வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான். (இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது, அதற்குள் இக்கட்டுரை போகவில்லை.)

அரபு மகாம்களுக்கு உணர்வு வகுத்த மரபு பழையது. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி ஊத் என்னும் நரம்புக் கருவியின் நான்கு நரம்புகளையும் உடலின் நான்கு தாதுக்களோடு பொருத்தினார். இன்றும் ஸபா துயரம், ராஸ்த் கம்பீரம், ஹிஜாஸ் ஏக்கம் என்று சொல்லுவார்கள். எகிப்தின் காரி முஸ்தபா இஸ்மாயில் (1905–1978) வசனத்தின் பொருளுக்கேற்ப மகாம் மாற்றி ஓதுவதில் பெயர்பெற்றவர்.

அந்த ஹிஜாஸை ஒருமுறை ஆர்மோனியத்தில் வைத்துப் பார்ப்போம். அதன் முதல் நான்கு சுரங்களுக்கிடையே அரைச் சுர இடைவெளி, ஒன்றரைச் சுர அகலம், மீண்டும் அரை என்று வரும். இது நமது மாயாமாளவகௌளையின் ச ரி க ம. அரபு நாட்டார் இடையிலுள்ள அகலத்தைச் சற்று நெருக்கிப் பிடிப்பதுண்டு என்றாலும் அமைப்பு ஒன்றே. அங்கே ஏக்கத்தின் குரல் என்று கேட்கப்படுவது, இங்கே சரளி வரிசை படிக்கும் சிறுபிள்ளையின் முதற்பாடம். புரந்தரதாசர் வகுத்த முறை என்று மரபு சொல்லும் அப்பாடத்தைக் காலையில் பாடும் பிள்ளைக்கு ஏக்கமும் இல்லை, பாலைவனமும் இல்லை. 'அடுத்த வரிசை எப்ப வரும்' எண்ட அவசரம்தான்.

ஐரோப்பியர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஷூபார்ட் என்ற ஜெர்மானியரின் நூல், அவர் இறந்தபின் 1806இல் வெளிவந்தது. ஒவ்வொரு ஆதார சுருதிக்கும் ஒவ்வொரு குணத்தை அது பட்டியலிட்டது. சி மேஜர் கபடமின்மையாம். ஆனால் அக்காலத்தில் சி என்ற சுரத்தின் உயரமே ஊருக்கு ஊர் வேறுபட்டது. இன்றைய பியானோவில் பன்னிரண்டு மேஜர்களுக்கும் இடைவெளிகள் ஒன்றே. நமது பாடகருக்கோ இந்தச் சிக்கலே இல்லை. ஒரு கட்டையில் எடுத்தாலும் ஐந்து கட்டையில் எடுத்தாலும் மோகனம் மோகனம்தான்.

அப்படியானால் உணர்வு எங்கே இருக்கிறது? விடைக்கு ஒரு நூலை எடுக்கலாம். அந்நூலுக்கும் எங்கள் வட்டுக்கோட்டைக்கும் தொடர்புண்டு. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் இங்கு தொடங்கிய செமினரியில் படித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் அவரே. அதன் அகத்திணையியலில், நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும் சூத்திரம் ஒன்றுண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்ற வரிசையிலேயே யாழும் வருகிறது. இரங்கல், ஊடல், இருத்தல் முதலிய உணர்வுகளோ உரிப்பொருள் என்று தனியே நிற்கின்றன.

இந்தப் பகுப்பை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. தொல்காப்பியர் பண்ணை உணர்வின் பெட்டியில் வைக்கவில்லை. மீனும் புன்னையும் இருக்கும் பெட்டியில் வைத்தார். நெய்தல் யாழ் தன்னளவில் இரங்குவதில்லை. அந்தக் கரையில், அந்த மாலையில், வராதவனுக்காகக் காத்திருப்பவளின் காதில் அது விழுவதால் இரங்குகிறது. நிலமும் பொழுதும் பழக்கமும் சேர்ந்து உணர்வை இசையின் மேல் ஏற்றுகின்றன. உதுமானியத் துருக்கியில் சுபஹுப் பாங்கை ஸபாவிலும் மஃரிப் பாங்கை ஸெகாஹிலும் சொல்லும் வழக்கத்தையும் இப்படியே விளங்கலாம். நூற்றாண்டுகளாக விடியலில் கேட்டதால், அவர்களுக்கு ஸபாவில் விடியல் வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாமே பழக்கம் என்றால், எந்த மொழிக்காரனின் அழுகையும் நமக்கு எப்படி அழுகையாகக் கேட்கிறது? உண்மைதான். காலம் தாழ்ந்து, குரல் தளர்ந்து, சுரம் நழுவி இறங்கினால் துயரம் கேட்கும். விரைந்து ஏறினால் எழுச்சி கேட்கும். ஆனால் இவை நடையின், குரலின், கமகத்தின் வேலை. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் அரசனின் வரவும் அவன் வீழ்ச்சியும் வேறுபடுவதற்குத் தாளக்கட்டும் குரலுமே முதற்காரணம். இராகப் பெயரைக் கேட்டால் அண்ணாவியாரே சிரிப்பார். முகாரியைத் தாழ்ந்த காலத்தில், உடைந்த குரலில் ஆயிரம் தடவை கேட்டவர்கள் அதற்கு அழுகை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட இரு குரல்களுக்கும் வரலாம். அருணகிரிநாதர் முருகன்மேல் ஓடவிட்ட சந்தத்தைக் காயல்பட்டினத்துக் காசிம் புலவர் எடுத்து நபிகள் நாயகம் மீது திருப்புகழ் பாடினார். யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவரும் அவ்வழியில் பாடியவர். சந்தத்துக்குச் சமயம் இருந்திருந்தால் இந்நூல்கள் பிறந்திரா. நாகூர் ஹனிபாவின் ஏறிய சுருதியும் விரிந்த குரலும் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெருநாளையும் கந்தூரியையும் நினைவூட்டுவதற்கு, அம்மெட்டுகள் எந்த இராகம் என்பது காரணமல்ல. அவை ஒலித்த வீடும் தெருவும் காலமுமே காரணம். ஆகவே "உது கோயில் இராகம்" எண்டு ஒதுக்குவதும் பிழை, "உது அரபு ஓசை" எண்டு தள்ளுவதும் பிழை.

ஆனால் இம்முடிவுக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. உணர்வு சுரத்திலேயே இருந்தால் அதைக் காப்பது எளிது. சுரதாளக் குறிப்பில் எழுதி வைத்தால் போதும். அது கேட்டவர்களின் பழக்கத்தில் இருக்கிறபடியால், கேட்ட கூட்டம் சிதறினால் உணர்வும் சிதறும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடும் கடையும் போனதைக் கணக்கெடுத்தார்கள். மௌலூது ஓதிய குரலின் இழுவையும், தாலாட்டின் மெட்டும், இன்ன நாளில் இன்ன ஓசை என்ற ஒழுங்கும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த மெட்டைப் பாடிக் காட்டலாம். அது எந்தத் தெருவின், எந்த மாலையின் மெட்டு என்பதை யாராவது கூடவே சொல்ல வேண்டும்.

பழைய கீர்த்தனைப் புத்தகங்களின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். இனிப் பதிவு செய்கிறவர்கள் அதோடு நிற்கக் கூடாது. யார் பாடினார், எந்த வீட்டில், எந்த வேளையில், கேட்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் மூத்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. முகாரி எங்கேயும் போகாது. அதைக் கேட்டு அழுதவர்களும் மகிழ்ந்தவர்களும்தான் போய்விடுவார்கள்.