தோற்றவர்களின் நடிகர்

ஒரு நடிகர் மறைந்த பிறகு அவருடைய ரசிகர்கள் போடுகிற பட்டியலுக்கு நான் நிரம்ப மதிப்புக் கொடுப்பவன். விமர்சகர் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார். ரசிகர் நெஞ்சைப் பார்த்துப் போடுகிறார். அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன விட்டுப் போயிருக்கிறது என்று பார்ப்பது இன்னும் சுவாரசியமான வேலை.

சிவாஜி கணேசன் 1928-ம் வருஷம் அக்டோபர் 1-ம் தேதி விழுப்புரத்தில் பிறந்தார். 2001-ம் வருஷம் ஜூலை 21-ம் தேதி காலமானார். கோலியனூர் விழுப்புரத்தை ஒட்டிய ஊர். ஆகையால், புதுச்சேரிச் சாலையும் பண்ருட்டிச் சாலையும் பிரிகிற எங்கள் கூட்டு ரோட்டில் டீக் குடிக்க நிற்கும் பெரியவர்கள் அவரை 'நம்ம ஊர்க்காரர்' என்று உரிமையோடு சொல்லுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சூரக்கோட்டைக்காரர்களுக்கும் இதே உரிமை உண்டு. அது வேறு வழக்கு.

"அவர் நடித்ததிலே எது உசத்தி?" என்று கேட்டுப் பாருங்கள். 'பராசக்தி' குணசேகரன் முதலில் வருவான். அடுத்து வீரபாண்டிய கட்டபொம்மன். பிறகு 'திருவிளையாடல்' பரமசிவன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், டீக் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வெள்ளைக்காரத் துரைக்குக் கட்டபொம்மன் சொன்ன பதிலை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். "சார், அந்தக் குரலுக்கு இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கவனியுங்கள்: அவர் நினைவில் வைத்திருப்பது குரலை. இதற்குக் காரணம் உண்டு. இந்த ஜில்லாவில் சிவாஜியைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டவர்களே அதிகம். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். கல்யாணப் பந்தலிலும் கோவில் திருவிழாவிலும் மூங்கில் கழியில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து 'திருவிளையாடல்' வசனம் முழுவதும் ஊரெல்லாம் பரவும். முகத்தைப் பார்க்காமலே மனப்பாடமான நடிப்பு அது.

இங்கேதான் ரசிகர்கள் தங்களை அறியாமல் எதிர்க்கட்சியிடம் மாட்டிக்கொள்கிறார்கள். படித்தவர்களில் ஒரு சாரார் வெகு காலமாகச் சொல்லி வருகிற குற்றச்சாட்டு, "சிவாஜியா? மிகை நடிப்பு" என்பது. ரசிகர் கோபித்துக்கொண்டு, பதிலுக்குக் கட்டபொம்மனை எடுத்து நீட்டுகிறார். எதிராளி, "நான் சொன்னது இதைத்தானே!" என்கிறார். வழக்கு அங்கேயே தோற்றுப் போகிறது.

கட்டபொம்மனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1959-ல் வந்த அந்தப் படத்துக்காக 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு கொடுத்தார்கள். தமிழே தெரியாதவர்கள் கொடுத்த பரிசு. வசனத்துக்காக மட்டும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் சாட்சியை வேறு இடத்தில் தேடலாம் என்கிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மோகனா ஆடுகிறாள். சிக்கல் சண்முகசுந்தரம் தன் மானத்தை விட்டுக்கொடுக்காமல் மறைந்து நின்று பார்க்கிறான். அவள் அதைத் தெரிந்துகொண்டே பாடி ஆடுகிறாள். அந்தக் கட்டம் முழுவதும் அவருக்கு வசனம் கிடையாது. கேட்பது ஒன்றுதான் வேலை. வித்துவானின் செருக்கு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ரசிகனின் ஆனந்தம் ஏறுகிறது. அந்தப் படத்தில் நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாதம் அவர்களுடையது, கழுத்து நரம்பும், கன்னத்தில் நிற்கிற மூச்சும், வாசித்து முடித்ததும் வருகிற களைப்பும் சிவாஜியுடையவை. இதை ஒலிபெருக்கியில் கேட்க முடியுமா?

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். அவருடைய உயர்ந்த பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் தோற்றுப் போனவர்கள். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) சிதம்பரம் பிள்ளை கப்பலை இழந்து, சிறையில் செக்கிழுத்து, வெளியே வரும்போது எதிர்கொள்ளக் கூட்டம் இல்லை. தொழுநோயில் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவாதான் நிற்கிறார். அந்தப் படமே வசூலில் தோற்றது. 'வியட்நாம் வீடு' (1970) பிரெஸ்டீஜ் பத்மநாபனுக்கு உத்தியோகம் போனதும், ஆபீசில் இருந்த மரியாதை வீட்டில் செல்லுபடியாகவில்லை. 'கௌரவம்' (1973) பாரிஸ்டர் ரஜினிகாந்த், தான் எடுத்து வளர்த்த பிள்ளையிடமே கோர்ட்டில் தோற்கிறார். வென்றவனும் சிவாஜி, தோற்றவரும் சிவாஜி. ஆனால் நமக்கு நினைவிருப்பது யார்? பைப்பும் கையுமாக நிற்கும் அந்தக் கிழவர்தான்.

இந்த மனிதர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுத் திண்ணையிலும் சாய்வு நாற்காலியிலும் இருந்தவர்கள்தாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் பேச்சில் தமக்கு இடமில்லை என்று தெரிந்தும், சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தவர்கள். அந்த விறைப்பை வேறு எந்த நடிகரும் இப்படிக் காட்டியதில்லை.

அப்படியானால் அந்தப் பெரிய குரல் எதற்கு என்று கேட்கலாம். வீழ்ச்சியைக் காட்டுவதற்கு முதலில் உயரம் வேண்டும். தரையில் நிற்பவன் விழுந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பத்மநாபனின் அதட்டலும், பாரிஸ்டரின் ஆங்கிலமும், அளந்து வைத்த நடையும் அவர்களுக்கு அவர் கட்டிக் கொடுத்த மாடிகள். மாடியைப் பார்த்து 'மிகை' என்கிறவர், கீழே விழும் கட்டம் வரைக்கும் இருந்து பார்க்க வேண்டும். சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சீதை முதலான பெண் வேஷங்களிலிருந்து தொடங்கியவர் அவர். கடைசி வரிசை ஆளுக்கும் எட்டும்படி உயர்த்தவும், பிறகு இறக்கவும் அங்கே பழகிய உடம்பு அது.

மாடி மட்டும் இருந்து, விழுவதற்குக் கதை இல்லாத படங்களும் உண்டு. பிற்காலத்தில் அப்படிப் பல வந்தன. அவற்றில் அந்தக் குரல் வெறும் சத்தமாகத்தான் இருக்கிறது. ரசிகர்கள் இதை ஒப்புக்கொண்டால் அவருக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது. மாடியே இல்லாமலும் அவர் நடித்துக் காட்டியிருக்கிறார்: 'முதல் மரியாதை' (1985) மலைச்சாமி. ஊருக்குப் பெரிய மனிதர்; வீட்டில் ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட முடியாதவர். குயிலின் குடிசையில் அவர் மீன் தின்னும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். முப்பது வருஷத்துப் பசியை விரல்களே சொல்லிவிடுகின்றன. இதற்குப் பிறகும் மிகை நடிப்பு என்கிறவர்களோடு வாதாடுவது வீண்.

கண்டக்டர் அன்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "எங்கப்பா சர்வீஸ்லேருந்து ரிட்டயரான வருஷம் 'வியட்நாம் வீடு' பார்த்தாரு சார். மூணு நாள் யார்கிட்டேயும் பேசலே" என்றார்.

அவருடைய பட்டியலில் அந்தப் படம் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. மனப்பாடமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கக்கூடியவற்றைத்தான் நாம் பட்டியலில் போடுகிறோம். மூன்று நாள் பேச முடியாமல் செய்தவற்றைப் பட்டியலில் போடுவதில்லை, உள்ளே வைத்துக்கொள்கிறோம். ஒரு நடிகருடைய தரத்தை அளக்க அந்த இரண்டாவது கணக்குத்தான் சரியானது. அந்தக் கணக்கில் சிவாஜி கணேசனுக்கு நிகராக எனக்கு இன்னொருவர் தென்படவில்லை.