ஆஸ்கர் கணிப்பில் 34 எம்.எல்.ஏ. கணக்கு

2025 ஜனவரி 5 அன்று கோல்டன் குளோப் விழா முடிந்தபோது ‘அனோரா’ வெறுங்கையோடு வெளியே வந்தது. ஐந்து பரிந்துரை, ஐந்திலும் தோல்வி. சிறந்த பட விருதுகளை ‘தி புரூட்டலிஸ்ட்’டும் ‘எமிலியா பெரெஸ்’ஸும் பங்கிட்டுக்கொண்டன. ஆஸ்கர் கணிப்பே வேலையாகத் திரியும் ரசிகர்கள் பலர் அன்றிரவே ‘அனோரா’வைத் தங்கள் பட்டியலில் கீழே இறக்கினார்கள். பிப்ரவரி 7-ல் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் விழாவில் அது சிறந்த படம். மறுநாள் ஒரே இரவில் தயாரிப்பாளர் சங்க விருதும் இயக்குநர் சங்க விருதும் அதற்கே போயின. மார்ச் 2 அன்று ஆறு பரிந்துரைகளில் ஐந்து ஆஸ்கராகிவிட்டன. இயக்குநர் ஷான் பேக்கர் மட்டும் நான்கு சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

குளோபை நம்பியவர்கள் எங்கே சறுக்கினார்கள்? அங்கே ஓட்டுப் போடுபவர்கள் சுமார் 300 பத்திரிகையாளர்கள். ஆஸ்கரில் ஓட்டுப் போடுபவர்கள் படம் எடுக்கிற, நடிக்கிற, வெட்டி ஒட்டுகிற சுமார் பத்தாயிரம் பேர். தயாரிப்பாளர் சங்கத்திலும் இயக்குநர் சங்கத்திலும் இருப்பவர்கள் அதே தொழிலின் ஆட்கள். அவர்களில் பலருக்கு இரண்டு இடத்திலும் ஓட்டு உண்டு. படத்தை அலசுகிறவரைவிட வாக்காளர் பட்டியலை அலசுகிறவருக்கே இந்த ஆட்டத்தில் புள்ளி அதிகம். எது நல்ல படம் என்ற கேள்வியை ஜனவரி முதல் மார்ச் வரை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். ரசனை உள்ளவர்களுக்கு இது கசப்பான நிபந்தனைதான்.

அதிலும் ரசிகர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று உண்டு. யார் பரிந்துரை பெறுவார் என்பதும் யார் வெல்வார் என்பதும் ஒரே ஆட்டத்தின் இரண்டு பாதிகள் என்று நினைக்கிறார்கள். விதிப்படி அவை இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள். தமிழ்ப் பத்திரிகை வாசகருக்கு இதைப் புரியவைப்பது எளிது. மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் நாம் போடுகிற கணக்குதான். தமிழகத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால் 34 எம்.எல்.ஏ.க்களின் முதல் விருப்ப வாக்கு போதும், ஒரு எம்.பி. உறுதி. மீதி 200 பேருக்கு அவரைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆஸ்கரில் இயக்குநர், நடிகர் போன்ற பிரிவுகளின் பரிந்துரையும் இதே முறைதான். இயக்குநர்களை இயக்குநர்கள் மட்டும் பரிந்துரைக்கிறார்கள். ஐந்து இடங்கள், ஆகவே ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலே முதல் விருப்பம் கிடைத்தால் பெயர் பட்டியலில் ஏறிவிடும். எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படம் இங்கே தோற்கும். சிலருக்கு உயிராகப் பிடித்த படம் ஜெயிக்கும்.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல ‘அதிர்ச்சி’கள் அதிர்ச்சியாகவே இராது. இயக்குநர் சங்கத்தின் ஐந்து பேர் பட்டியலில் ஹாலிவுட்டின் பெரிய வெற்றிப்படத்துக்கு இடம் கிடைக்கும். ஆஸ்கர் பட்டியலில் அந்த இடத்தில் வேறு தேசத்துக் கலைஞர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 2019-ல் பிராட்லி கூப்பர் போய் போலந்தின் பவெல் பவ்லிகோவ்ஸ்கி வந்தார். 2021-ல் ஆரன் சோர்க்கின் போய் டென்மார்க்கின் தாமஸ் வின்டர்பெர்க். 2022-ல் ‘டியூன்’ எடுத்த டெனி வில்நெவ் போய் ஜப்பானின் ஹமாகுச்சி. 2023-ல் ‘டாப் கன்: மேவரிக்’ இயக்குநர் ஜோசப் கொசின்ஸ்கி போய் ஸ்வீடனின் ரூபன் ஆஸ்ட்லண்ட். 2024-ல் கிரேட்டா கெர்விக் விடுபட்டபோது ‘பார்பி’ ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு உள்ளே வந்தவர்கள் ஜஸ்டின் த்ரியேவும் ஜோனதன் கிளேசரும். 2025-ல் ‘கான்கிளேவ்’ இயக்குநர் எட்வர்ட் பெர்கர் போய் பிரான்சின் கொராலி ஃபார்ஷா. இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு ஜனவரியிலும் சங்கப் பட்டியலை அப்படியே நகலெடுத்து எழுதிவைத்துவிட்டு, பிறகு அநியாயம் என்று கூச்சல் போடுகிற கூட்டம் குறையவே இல்லை. பரிந்துரைக்கிறவர்களில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருப்பவர்கள் ஏராளம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நம்மூர்க்காரர்களையே பாருங்கள்: அகாடமி உறுப்பினராகச் சேர சூர்யாவுக்கு 2022-லும் மணிரத்னத்துக்கு 2023-லும் கமல்ஹாசனுக்கு 2025-லும் அழைப்பு போயிருக்கிறது.

இறுதிச் சுற்றில் கணக்கு தலைகீழாகிறது. சிறந்த படத்துக்கு எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கலாம். பத்துப் படங்களையும் ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்த வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதற்கு விழுந்த வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். நம் குடியரசுத் தலைவர் தேர்தலைப் போல. இங்கே உயிரைக் கொடுக்கும் ஆறில் ஒரு பங்கு ஆதரவாளர்கள் போதாது. பலருடைய வாக்குச்சீட்டில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் உட்கார வேண்டும். முக்கியமாக, யாருடைய வெறுப்பையும் சம்பாதித்திருக்கக் கூடாது.

அகாடமி வாக்கு எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை. ஆகவே எந்தப் படம் எத்தனையாவது சுற்றில் ஜெயித்தது என்பது ஊகம்தான். ஆனால் முடிவுகளின் போக்கு தெளிவாக இருக்கிறது. இந்த முறை 2010 விழாவில் வந்த பிறகு, இயக்குநர் பரிந்துரையே இல்லாமல் ‘ஆர்கோ’, ‘கிரீன் புக்’, ‘கோடா’ ஆகிய மூன்று படங்கள் வென்றிருக்கின்றன. 2022-ல் ஜேன் கேம்பியனின் ‘தி பவர் ஆஃப் தி டாக்’ 12 பரிந்துரைகளோடு வந்து இயக்குநர் விருதை மட்டும் வாங்கிக்கொண்டு போனது. மூன்றே மூன்று பரிந்துரை பெற்ற ‘கோடா’ மூன்றையும் வென்று, சிறந்த படமும் ஆனது. ஜேன் கேம்பியனின் படத்தை மதித்தவர்கள் அதிகம், ரசிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். ‘கோடா’வைப் பார்த்து முகம் சுளித்தவர் அரிது.

தயாரிப்பாளர் சங்கத்தின் விருதைக் கணிப்பாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் காரணமும் இதுதான்: அங்கேயும் இதே வரிசை முறைதான். 2009-ன் படங்கள் முதல் 2024-ன் படங்கள் வரை 16 ஆண்டுகளில் அந்தச் சங்கம் ஆஸ்கரிலிருந்து விலகியது மூன்றே தடவை. ‘ஸ்பாட்லைட்’டுக்கு எதிராக ‘தி பிக் ஷார்ட்’, ‘மூன்லைட்’டுக்கு எதிராக ‘லா லா லேண்ட்’, ‘பாரசைட்’டுக்கு எதிராக ‘1917’.

இதையும் வெறும் எண்ணாகப் பார்த்தால் ஆபத்து. கணிப்பு உலகில் ‘விதி’ என்று சொல்லப்பட்டவை சரிந்த கதை பெரிய கதை. படத்தொகுப்புப் பரிந்துரை இல்லாமல் சிறந்த படம் கிடையாது என்று முப்பது வருடத்துக்கு மேல் சொன்னார்கள்; 2015-ல் ‘பேர்ட்மேன்’ அதை உடைத்தது. ஒரே ஷாட் போலத் தோன்றும் படத்தில் படத்தொகுப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதை யோசித்திருந்தால் போதும். நடிகர் சங்கத்தின் குழு நடிப்புப் பரிந்துரை இல்லாமல் முடியாது என்றார்கள். ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’, ‘கிரீன் புக்’, ‘நோமட்லேண்ட்’ என்று நான்கே வருடத்தில் மூன்று படங்கள் அந்த வேலியைத் தாண்டின. வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற போட்டியில் முப்பது வருடம் என்பது முப்பது ஆட்டங்கள்தான். அதை வைத்து விதி எழுதுவது துணிச்சல். இதற்கு நேர்மாறாக, இயக்குநர் சங்க விருது 1948-லிருந்து சிறந்த இயக்குநர் ஆஸ்கரோடு ஒத்துப்போகாதது எட்டே முறை. கடைசியாக 2020-ல் சாம் மெண்டிஸை முந்தி போங் ஜூன்-ஹோ வந்தபோது. அந்தக் கணக்கு நிற்பதற்கு ஆள் ஒற்றுமை என்ற காரணம் இருக்கிறது. படத்தொகுப்புக் கணக்குக்கு அப்படி ஒன்றும் இல்லை.

நடிப்பு விருதுகளில்தான் சுவாரசியம் உச்சத்துக்குப் போகிறது. 2019-ல் குளோப், நடிகர் சங்கம் என்று வாரிக்கொண்டு வந்தவர் கிளென் குளோஸ். பிரிட்டனின் பாஃப்டா ஒலிவியா கோல்மன் என்றது. ஆஸ்கர் கோல்மனுக்கு. 2021-ல் மறைந்த சாட்விக் போஸ்மன் மற்ற பெரிய விருதுகளை வாங்கியிருந்தார்; பாஃப்டா ஆண்டனி ஹாப்கின்ஸ் என்றது. விழா நடத்தியவர்கள் வழக்கத்தை மாற்றி நடிகர் விருதைக் கடைசியில் வைத்தார்கள். உறை பிரிந்தபோது ஹாப்கின்ஸ் பெயர். அவரோ அரங்கிலேயே இல்லை. 2024-ல் நடிகர் சங்கம் லில்லி கிளாட்ஸ்டன் என்றது, பாஃப்டா எம்மா ஸ்டோன் என்றது. 2025-ல் டெமி மூருக்கு குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், நடிகர் சங்கம் என மூன்றும் கிடைத்தன. மிக்கி மேடிசனுக்கு பாஃப்டா. நான்கு முறையும் பாஃப்டாதான் பலித்தது. நடிகர் சங்கத்தில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தொலைக்காட்சிக்காரர்களும் அதில் அடக்கம். அவர்களுக்கு ஒரு நடிகையின் நீண்ட பயணமும் மறுவருகையும் மனதைத் தொடும். பாஃப்டாவில் இருப்பவர்கள் அகாடமியின் அயல்நாட்டு உறுப்பினர்களோடு அதிகம் ஒத்துப்போகிறார்கள்.

அதற்காக பாஃப்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் 2023 ஞாபகம் வரட்டும். கேட் பிளாஞ்செட், ஆஸ்டின் பட்லர், கெர்ரி காண்டன் என்று பாஃப்டா சொன்ன மூவரும் ஆஸ்கரில் தோற்றார்கள். நடிகர் சங்கம் சொன்ன மிஷெல் யோ, பிரெண்டன் ஃபிரேசர், ஜேமி லீ கர்ட்டிஸ் வென்றார்கள். 2022-லோ பாஃப்டாவின் சிறந்த நடிகைப் பட்டியலும் ஆஸ்கர் பட்டியலும் ஒரு பெயரில்கூடச் சேரவில்லை. அந்த வருடம் அதிலிருந்து என்ன கணிக்க முடியும்?

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். 2025-ல் ‘கான்கிளேவ்’ பிப்ரவரி 16-ல் பாஃப்டாவையும் 23-ல் நடிகர் சங்கக் குழு விருதையும் வென்றதும், கடைசி நேரத்தில் அலை திரும்புகிறது என்று ஒரு பரபரப்பு. ஆனால் ஆஸ்கர் வாக்குப்பதிவு 18-ம் தேதியே முடிந்துவிட்டது. பெட்டியைப் பூட்டி ஐந்து நாள் கழித்து வீசிய அலையை வைத்துப் பட்டியலை மாற்றியவர்களுக்குப் புள்ளி போனதுதான் மிச்சம்.

இந்தியாவில் இந்தக் காய்ச்சல் உச்சத்துக்குப் போனது 2023-ல். ‘ஆர்.ஆர்.ஆர்.’ சிறந்த படம், சிறந்த இயக்குநர் பட்டியலுக்கு வரும் என்று இங்கே பலர் சத்தியம் செய்தார்கள். தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்கங்கள் மூன்றின் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை என்பதை யாரும் கவனிக்க விரும்பவில்லை. சர்வதேசப் படப் பிரிவில் இந்தியா அனுப்பியதோ குஜராத்திப் படமான ‘செல்லோ ஷோ’. ‘ஆர்.ஆர்.ஆர்.’ பாடல் ‘நாட்டு நாட்டு’ மட்டும் குளோபையும் கிரிட்டிக்ஸ் சாய்ஸையும் வென்று ஒழுங்கான தடத்தில் வந்தது, ஆஸ்கரையும் வென்றது. அதே இரவில் முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமின் பொம்மன், பெள்ளி பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ குறும் ஆவணப்பட விருதை எடுத்தது. நண்பர்களுக்குள் நடக்கும் கணிப்புப் போட்டியில் சிறந்த படத்துக்கும் ஒரு புள்ளி, குறும் ஆவணப்படத்துக்கும் ஒரு புள்ளி என்றுதான் பெரும்பாலும் வைப்பார்கள். படம், இயக்குநர், நடிப்பு என்ற ஆறு பெரிய விருதுகளை எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதுவார்கள். பரிசு முடிவாவது குறும்படங்களில்தான். தலைப்பைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். அகாடமி உறுப்பினர்களும் அப்படித்தான் எழுதினார்களோ என்னவோ, 2026 விழா முதல் ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவரே அதில் வாக்களிக்கலாம் என்று விதி வந்திருக்கிறது.

2028-ல் நடக்கும் நூறாவது விழாவில் சண்டைக்காட்சி வடிவமைப்புக்கு முதல்முறையாக ஆஸ்கர் தரப்போகிறார்கள். அதை அறிவித்தபோது அகாடமி காட்டிய படங்களில் ‘ஆர்.ஆர்.ஆர்.’ ஸ்டில்லும் ஒன்று என்பதால் இங்கே இப்போதே கணிப்பு தொடங்கிவிட்டது. பழைய கணக்கு எதுவும் இல்லாத பிரிவு. நடிகர் சங்கம் சண்டைக் குழுக்களுக்குப் பல வருடமாக விருது கொடுத்துவருகிறது. பெரும்பாலோர் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் எடுக்க மாட்டேன். பரிந்துரைப்பவர்கள் தொழில் தெரிந்தவர்களாக இருக்கலாம், இறுதியில் முத்திரை குத்தப்போவது ஒப்பனைக் கலைஞரும் திரைக்கதை ஆசிரியரும் சேர்ந்த மொத்த அகாடமியும்தான். சிறந்த படப் போட்டியில் முன்னே ஓடுகிற படத்தில் நாலு உருப்படியான சண்டை இருந்து, அது பட்டியலிலும் இருந்தால், என் பென்சில் அதன் பக்கம்தான் போகும்.