கசப்புக்குப் பால் உண்டா?

இம்பீரியல் ஸ்டவுட் எனும் கறுப்பு பீரை ருசித்து எழுதுகிறவர்கள் சில சொற்களை விடுவதேயில்லை. முரடானது, திடகாத்திரமானது, தசை முறுக்கேறியது. இனிப்பும் மென்மையும் தென்பட்டால் ‘பெண்களுக்கு ஏற்றது’. நாவில் நடப்பதைச் சொல்ல வந்த மொழி, யார் எதைக் குடிக்கலாம் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகிறது.

நாவில் நடப்பதோ வேறு. கருக வறுத்த பார்லி, காப்பிக்கொட்டையின் கசப்பையும் சர்க்கரை குறைந்த சாக்லேட்டின் துவர்ப்பையும் தருகிறது. மால்ட்டின் இனிப்பு அடியில் பாகுபோல் தங்குகிறது. ஹாப்ஸ் பூவின் கசப்பு தனி. ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம் வரை இருப்பதால் தொண்டையில் சூடு பரவும். மிகவும் குளிர்ந்திருந்தால் மணங்கள் அடங்கிக் கிடக்கும். குளிர் தணியத் தணிய ஒவ்வொன்றாக வெளிவரும். இதில் ஆண்மை எந்த இடத்தில் இருக்கிறது?

வரலாற்றிலும் அது இல்லை. இந்த பீரின் பிறப்பு 18ஆம் நூற்றாண்டு லண்டனில், சவுத்வார்க்கிலிருந்த ஹென்றி த்ரேலின் ஆலையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அது கப்பலேறிச் சென்றது ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அவைக்கு. பெயரிலுள்ள ‘இம்பீரியல்’ ஒரு பெண்ணின் அரியணையைச் சுட்டுகிறது.

1772இல், மால்ட்டும் ஹாப்ஸும் இல்லாமலே பீர் காய்ச்சலாம் என்ற ஒருவரின் பேச்சை நம்பி ஹென்றி ஆலையைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுவந்தார். அப்போது கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி ஹெஸ்டர்தான் தாயின் சேமிப்பையும் தெரிந்தவரிடம் வாங்கிய கடனையும் கொண்டு அதை மீட்டார். 1781இல் கணவர் இறந்தபின், மற்ற பொறுப்பாளர்களுடன் சேர்ந்து ஆலையை 1,35,000 பவுண்டுக்கு விற்றார். நாட்குறிப்பும் நூல்களும் எழுதிய ஹெஸ்டரை இலக்கிய உலகம் நெடுங்காலம் சாமுவேல் ஜான்சனின் தோழியாக மட்டுமே நினைவில் வைத்திருந்தது. தன் விருப்பப்படி ஓர் இத்தாலிய இசைக்கலைஞரை மணந்தபோது அந்த ஜான்சனும் உறவை முறித்துக்கொண்டார்.

ஆக, ஒரு பெண் காப்பாற்றிய ஆலையின், ஒரு பெண்ணின் அவைக்குப் போன பீருக்குத்தான் ஆண் உடலின் உவமைகள் சூட்டப்படுகின்றன. உவமை அலங்காரம் மட்டுமல்ல; அது உரிமைப் பத்திரமும்கூட. குடிப்பதும் குடிக்காமலிருப்பதும் அவரவர் முடிவு. ஆனால், பாகற்காயின் கசப்பு வேறு, சுண்டைவற்றலின் கசப்பு வேறு என்று பிரித்தறியும் நாக்குக்கு, ருசியை மதிப்பிட எவருடைய அனுமதியும் தேவையில்லை. சொற்களையும் அந்த நாக்கே தேர்ந்துகொள்ளட்டும்.